கல்லாவில் யார் உட்காருவது?

கேள்வி: என் வயது 61. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிறு நகரத்தில் 35 ஆண்டுகளாக ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். இரண்டு மகன்கள். மூத்தவனுக்கு 28 வயது. கலகலப்பானவன், கடைக்கு வருகிறவர்கள் அவனைத்தான் தேடுவார்கள். ஆனால் பாக்கி வசூலுக்கு அனுப்பினால் டீ குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வருவான். இளையவனுக்கு 24. அழுத்தக்காரன். கேட்ட சாமானை எடுத்துக் கொடுப்பதோடு சரி. யாருக்கும் முகம் கொடுத்துப் பேசமாட்டான். பிளம்பர்கள் வந்தால் மட்டும் அரை மணி நேரம் நின்று பேசுகிறான். எந்தப் பெட்டியில் எந்த அளவு போல்ட் எத்தனை இருக்கிறது என்பது அவனுக்கு மனப்பாடம். அவன் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது பள்ளியில் 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டு விரல் ரேகையைப் பார்த்து, வியாபாரம் இவனுக்கு ஆகாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஃபைல் இன்னும் பீரோவில் இருக்கிறது. இப்போது அவனே செல்போனில் ஏதோ ஒரு பரீட்சை எழுதி, நான்கு எழுத்தைக் காட்டி, ‘நான் இந்த வகை அப்பா, எனக்குக் கடை சரிப்படாது’ என்கிறான். ‘ஜென்ம குணம், மாற்ற முடியாது’ என்கிறாள் என் மனைவி. எனக்குச் சர்க்கரை, கால்வலி. அடுத்த ஆண்டாவது கடையை ஒருவனிடம் ஒப்படைக்க வேண்டும். குணம் மாறுமா, மாறாதா? யாரைக் கல்லாவில் உட்கார வைப்பது?

பதில்:

அன்புள்ள ஐயா,

போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்ட ஒரு வரியில் நான் நின்றுவிட்டேன். பிளம்பர்கள் வந்தால் மட்டும் இளையவர் அரை மணி நேரம் பேசுகிறார் என்ற வரி. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பீரோவில் இருக்கும் ஃபைலைப் பார்த்துவிடலாம்.

விரல் நுனியில் இருக்கும் ரேகைகள் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே, மூன்றாம் மாதவாக்கில் உருவாகத் தொடங்கி, ஐந்தாம் மாதம் முடிவதற்குள் அமைந்துவிடுகின்றன. ஆழமான காயம் பட்டாலொழிய அவை மாறுவதில்லை. ஆதாருக்கும் ரேஷன் கடைக்கும் விரலை வைக்கச் சொல்வது அதனால்தான். ஆனால் அந்தச் சுழிகளை எண்ணிப் பார்த்து, இந்தப் பையன் வியாபாரத்துக்கு ஆவானா, வக்கீலுக்கு ஆவானா என்று சொல்வதற்கு எந்த அறிவியல் ஆதாரமும் கிடையாது. ஜோசியர் உள்ளங்கையைப் பார்க்கிறார். இவர்கள் விரல் நுனியை ஸ்கேனரில் வைத்து வண்ணப் படம் போட்டுத் தருகிறார்கள். ஜோசியருக்குக் கட்டணமாவது குறைவு. 14 வயதுப் பிள்ளையை வரிசையில் நிற்க வைத்து ‘உனக்கு இது ஆகாது’ என்று எழுதிக் கொடுப்பவர்கள் மேல் எனக்குள்ள கோபத்தைக் கொட்டத் தொடங்கினால் உங்களுக்குப் பதில் எழுத இடம் இருக்காது. ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த ஃபைலைப் பத்து ஆண்டுகளாகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறீர்கள். உங்கள் மகனும் அதே வீட்டில்தான் வளர்ந்திருக்கிறார்.

செல்போன் பரீட்சை கொஞ்சம் கௌரவமான வம்சத்தைச் சேர்ந்தது. சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-இல் மனிதர்களை, தனக்குள் ஒதுங்கும் அகமுகி, ஆட்களை நாடும் புறமுகி என்று பிரித்து ஒரு புத்தகம் எழுதினார். அதைப் படித்த அமெரிக்கத் தாயும் மகளும், காதரின் பிரிக்ஸ், இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ், அதிலிருந்து ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார்கள். இருவரும் உளவியல் படித்தவர்கள் அல்லர். மகள் அதற்கு முன் துப்பறியும் நாவல் எழுதியவர். நான்கு இரட்டைகள், ஒவ்வொன்றிலும் நீங்கள் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று தள்ளிக்கொண்டே போனால் பதினாறு வகை மனிதர்கள் கிடைப்பார்கள். உங்கள் மகன் காட்டிய நான்கு எழுத்து அந்தக் கேள்வித்தாளையோ, அதைப் பார்த்துச் செய்த இலவசப் பிரதி ஒன்றையோ எழுதியதில் வந்திருக்கும்.

இதில் என்ன கோளாறு என்பதை உங்கள் கடையிலிருந்தே சொல்லலாம். கட்டுமானக் கம்பி விற்பீர்கள். 8 மி.மீ., 10, 12, 16 என்று அளவு இருக்கிறது. யாரோ ஒருவர் வந்து, 11-க்குக் கீழே உள்ளதெல்லாம் ‘மெலிந்தது’, மேலே உள்ளதெல்லாம் ‘தடித்தது’, இனி இரண்டே பெயர்தான் என்று பலகை மாட்டினால் கொத்தனார் கடைக்கு வருவாரா? பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இருக்கிற வித்தியாசம் சிறியது. அவற்றை எதிரெதிர் ஜாதியாக்கிவிட்டு, எட்டையும் பத்தையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறோம். மனிதர்களில் பெரும்பாலானோர் நடு அளவுக் கம்பிகள். அதனால்தான் சில வாரம் கழித்து அதே பரீட்சையை எழுதும்போது கணிசமான பேருக்கு வேறு வகை வருகிறது. மாணவியாக இருந்தபோது எனக்கும் வந்தது. முதலில் ஒரு வகை, செமஸ்டர் தேர்வு நெருங்கிய சமயத்தில் இன்னொன்று. இடையில் என் குணம் ஒன்றும் புரண்டுவிடவில்லை. முழு அகமுகி, முழுப் புறமுகி என்று ஒருவரும் கிடையாது என்று யுங்கே சொல்லியிருக்கிறார். ஆட்களை வேலைக்கு எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அந்தக் கேள்வித்தாளை விற்கும் நிறுவனமே சொல்கிறது.

‘ஆனால் அதில் எழுதியிருப்பது அப்படியே என்னைப் பற்றித்தான் இருக்கிறது’ என்று இளையவர் சொல்வார். எல்லோரும் சொல்வார்கள். பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் வகுப்பில் 39 மாணவர்களுக்கு ஆளுமைத் தேர்வு வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முடிவைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி நான்கைத் தாண்டியது. பிறகுதான் தெரிந்தது, எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள். வாசகங்களில் பெரும்பகுதியைக் கடையில் விற்ற ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். 1949-இல் இதை வெளியிட்டார். ‘வெளியே கட்டுப்பாடாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் கவலைப்படுகிறவர் நீங்கள்’ என்று எழுதிக் கொடுத்தால் யார் மறுப்பார்?

அப்படியானால் குணத்தை அளக்கவே முடியாதா? முடியும். அந்தக் கதை ஓர் அகராதியில் தொடங்குகிறது. 1936-இல் கார்டன் ஆல்போர்ட், ஹென்றி ஆட்பர்ட் என்ற இரு உளவியலாளர்கள் பெரிய ஆங்கில அகராதியை உட்கார்ந்து புரட்டி, ஒரு மனிதனை இன்னொரு மனிதனிடமிருந்து பிரித்துக் காட்டும் சொற்களையெல்லாம் எழுதி எடுத்தார்கள். 17,953 தேறின. மக்களுக்கு முக்கியமான வேறுபாடு எதுவோ அதற்குப் பேச்சில் ஒரு சொல் பிறந்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு. நம் ஊரில் தேடினால் மட்டும் குறைவாகவா கிடைக்கும்? முன்கோபி, சிடுமூஞ்சி, உம்மணாமூஞ்சி, வாயாடி, கறாரானவன், கமுக்கமானவன், வெகுளி, தாராளக்கையன், எடுப்பார் கைப்பிள்ளை. நீங்கள் எழுதிய ‘அழுத்தக்காரன்’ அருமையான சொல். ஆனால் பேச்சுக் குறைவு, பிடிவாதம், மனத்தில் உள்ளதைக் காட்டாமை என்று மூன்றை அது ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது. மூன்றும் உங்கள் மகனிடம் இருக்கின்றனவா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

பின்னால் வந்தவர்கள் அந்தச் சொல் மூட்டையைப் பிரித்து, எந்தெந்தச் சொற்கள் ஒன்றாகவே ஒருவர்மேல் வந்து ஒட்டுகின்றன என்று கணக்குப் போட்டார்கள். ரேமண்ட் கேட்டல் என்பவர் அவற்றைப் பதினாறு குணங்களுக்குக் கொண்டுவந்தார். 1961-இல் அமெரிக்க விமானப் படைக்காக ஆய்வு செய்த டியூப்ஸ், கிறிஸ்டல் என்ற இருவர் எட்டுத் தொகுதி விவரங்களை அலசிப் பார்த்தபோது ஐந்துதான் மறுபடி மறுபடி மேலே மிதந்து வந்தன. இன்று உளவியலில் பெரும்பாலோர் கையாள்வது அந்த ஐந்தைத்தான்: ஆட்களோடும் பரபரப்போடும் இருக்க விரும்பும் புறமுகத்தன்மை, பிறரோடு ஒத்துப்போகும் இணக்கம், எடுத்ததை ஒழுங்காக முடிக்கும் பொறுப்புணர்வு, எளிதில் கலங்கும் தன்மை, புதியதை நாடும் மனம். இவை வகைகள் இல்லை. ஐந்து அளவுகோல்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொன்றிலும் ஏதோ ஓர் இடத்தில் நிற்கிறார்கள். ஃபிராய்ட், மாஸ்லோ என்ற உளவியல் பெருந்தலைகள் எங்கே என்று உளவியல் படித்த வாசகர்கள் கேட்கலாம். அந்த இருவரும் கேட்டது வேறு கேள்வி. கல்லாவுக்கு அது உதவாது.

ஒரு கடிதத்தை வைத்து ஒருவர் ஆளுமையை நான் அளந்துவிட முடியாது. இருந்தாலும் நீங்கள் எழுதியதை இந்த அளவுகோல்களில் வைத்துப் பார்த்தால், மூத்தவர் புறமுகத்தில் உயரம், இணக்கத்திலும் உயரம்போலத் தெரிகிறது. வசூலுக்குப் போன இடத்தில் டீ குடித்துவிட்டுத் திரும்புவது சோம்பலாக இல்லாமல் இருக்கலாம். எதிரில் இருப்பவர் முகம் சுருங்குவதை அவரால் பார்க்க முடியாமல் இருக்கலாம். இளையவர் புறமுகத்தில் தாழ்வு. பொறுப்புணர்வில் உயரம், அதற்கு அந்தப் போல்ட் பெட்டிகளே சாட்சி. இங்கே கடைக்காரரான உங்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது. 1991-இல் பேரிக், மவுன்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். போலீஸ், விற்பனை, மேலாண்மை என்று எந்தத் தொழிலை எடுத்தாலும் வேலைத்திறனோடு சேர்ந்தே வந்தது பொறுப்புணர்வுதான். புறமுகத்தன்மை விற்பனைக்கும் மேலாண்மைக்கும் கை கொடுத்தது, மற்றவற்றுக்கு அவ்வளவாக இல்லை. விற்பனையிலுமே கதை நேர்கோடாக இல்லை. ஆடம் கிராண்ட் என்ற உளவியலாளர் 2013-இல், தொலைபேசியில் விற்பனை செய்யும் 340 பேர் எவ்வளவு விற்றார்கள் என்று பார்த்தார். அதிகம் விற்றவர்கள் இரண்டு முனைக்கும் நடுவில் நின்றவர்கள். வாய் ஓயாதவர்கள் வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்பதில்லை என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று.

இன்னொரு சண்டையையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் பிளம்பர்கள் அதற்குள்தான் இருக்கிறார்கள். 1968-இல் வால்டர் மிஷல் என்ற உளவியலாளர் ஒரு குண்டைப் போட்டார். குணம் குணம் என்கிறீர்களே, ஓர் இடத்தில் ஒருவன் நடந்துகொள்வதை வைத்து இன்னோர் இடத்தில் எப்படி நடப்பான் என்று சொல்லவே முடியவில்லையே என்றார். அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பே ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் நேர்மையைச் சோதித்துப் பார்த்திருந்தார்கள்; பரீட்சையில் காப்பியடித்த பிள்ளை காசையும் எடுக்கும் என்றில்லை, விளையாட்டில் ஏமாற்றிய பிள்ளை பரீட்சையிலும் ஏமாற்றும் என்றில்லை. ‘நேர்மையான பிள்ளை’ என்று ஒரே பெயர் வைக்க முடியவில்லை. ஏறக்குறைய பத்து ஆண்டு வாதத்துக்குப் பிறகு சீமோர் எப்ஸ்டைன் என்ற உளவியலாளர் ஒரு பதில் சொன்னார். அது உங்களுக்கு என்னைவிட நன்றாகப் புரியும். ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமைச் சிட்டையைப் பார்த்து அடுத்த வெள்ளிக்கிழமை வரவைச் சொல்ல முடியுமா? முடியாது. பேரேட்டை எடுத்து மூன்று மாதத்தைக் கூட்டிப் பார்த்தால் அடுத்த மூன்று மாதத்தை ஓரளவு சொல்லிவிடுவீர்கள். குணமும் பேரேடு. ஒரு நாள் சிட்டையில் அது தெரியாது.

வில்லியம் ஃபிளீசன் என்பவர் இதையே ஆட்களின் அன்றாடத்தில் பார்த்தார். ஒரு நாளைக்குப் பல முறை, சில வாரங்களுக்கு, இந்த நேரத்தில் எப்படி நடந்துகொண்டீர்கள் என்று குறித்துவரச் சொன்னார். அமைதியானவர் என்று பெயர் எடுத்தவர்களும் நாளில் சில நேரம் நன்றாகவே கலகலத்தார்கள். வாயாடிகளும் சில நேரம் சுருண்டார்கள். சராசரியில்தான் இருவரும் வேறு வேறு. அவர் கணக்குப்படி உங்கள் இளையவர் பேசத் தெரியாதவர் இல்லை. பேசும் நேரங்கள் குறைவாக உள்ளவர்.

இனி உங்கள் மனைவி சொன்னது. ஜென்ம குணம் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. ஏறக்குறைய கணக்காகவே பாதி. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தாமஸ் புச்சார்ட் 1979-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். பிறந்ததும் பிரிக்கப்பட்டு வேறு வேறு வீடுகளில் வளர்ந்த இரட்டையர்களைத் தேடிப் பிடித்து ஒப்பிட்டார்கள். அந்த ஆய்வும் அதுபோன்ற மற்ற ஆய்வுகளும் சொல்வது, மனிதர்களுக்கு இடையே தெரியும் குண வேறுபாட்டில் 40 முதல் 50 சதவீதம் வரை மரபணு வேறுபாட்டால் வருகிறது என்பது. உங்கள் மகனின் மௌனத்தில் பாதி அம்மா வழி என்று இதற்கு அர்த்தம் இல்லை, வீட்டில் இதை வைத்துச் சண்டை தொடங்கிவிடாதீர்கள்.

மறுபாதி அசைகிறது. முப்பது வயதுக்குமேல் குணம் காரைபோல இறுகிவிடும் என்று 1890-இல் வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதினார். நெடுங்காலம் அதை நம்பினோம். 2006-இல் பிரென்ட் ராபர்ட்ஸும் சகாக்களும், ஒரே ஆட்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த 92 ஆய்வுகளைத் திரட்டினார்கள். பொறுப்புணர்வும் மனநிதானமும் வயதோடு ஏறுகின்றன. மாற்றம் அதிகம் நடப்பது 20-க்கும் 40-க்கும் நடுவில். வேலை, கல்யாணம், பிள்ளை, கடன் என்று வாழ்க்கை ஆளைப் பிடித்து உலுக்கும் வயது அதுதானே. உங்கள் மகன்கள் இருவரும் இப்போது அந்த ஆற்றில்தான் நிற்கிறார்கள். ஆனால் மாறும் என்பதற்காக, இளையவர் மூத்தவரைப்போல வாசலில் நின்று ‘வாங்க அண்ணே, டீ சாப்பிடுறீங்களா’ என்று கூப்பிடுவார் என எதிர்பார்க்க வேண்டாம். 8 மி.மீ. கம்பி 9 ஆகலாம். 16 ஆகாது. ஆகவும் வேண்டியதில்லை.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பேச விருப்பமில்லாதது வேறு, பேசப் பயப்படுவது வேறு. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காமல் தவிக்கிறாரா? கல்யாண வீட்டுப் பந்தியில் பலர் முன்னால் சாப்பிடக் கூசுகிறாரா? வாடிக்கையாளர் இருவர் சேர்ந்து நின்றால் வியர்க்கிறதா, கை நடுங்குகிறதா? பேசிவிட்டு வந்தபின் இரவெல்லாம் ‘தப்பாகச் சொல்லிவிட்டேனோ’ என்று உழன்றுகொண்டிருக்கிறாரா? இவற்றில் சில இருந்து, ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் அது குணக்கணக்கில் வராது. சிகிச்சையில் நன்றாகவே குறையக்கூடிய பதற்ற நோய் அது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லலாம். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸில், 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அமைதியாக இருப்பவர்களை நோயாளி ஆக்குவதும், நோயில் தவிப்பவரைக் ‘கூச்ச சுபாவம்’ என்று விட்டுவிடுவதும் இரண்டுமே நம் வீடுகளில் நடக்கின்றன.

அந்தப் பயம் இல்லை என்றால், என் அபிப்பிராயத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். கடை ஒரே நாற்காலி என்று நீங்கள் நினைப்பதுதான் சிக்கல். 35 ஆண்டுகள் கல்லா, கொள்முதல், சரக்கு, பாக்கி, வாசல் எல்லாவற்றையும் ஒரே ஆளாகப் பார்த்தீர்கள். அதனால் எல்லாம் ஒரே வேலையாகத் தெரிகிறது. வாசலையும் புது வீடு கட்டுகிறவர்களையும் ஒப்பந்தக்காரர்களையும் மூத்தவரிடம் விடுங்கள். சரக்கு, கொள்முதல், பற்று வரவு நோட்டு இளையவரிடம் இருக்கட்டும். கடன் எந்த அளவைத் தாண்டக் கூடாது என்பதை இளையவர் நோட்டில் எழுதட்டும். மூத்தவர் ‘என் கையில் இல்லை, தம்பிதான் கணக்கு’ என்று சிரித்துக்கொண்டே சொல்லிக்கொள்ளலாம்; முகத்தை முறிக்க முடியாதவருக்கு அது பெரிய நிம்மதி. ஆறு மாதம் இப்படி நடத்திப் பாருங்கள். நாற்காலியைப் பற்றி அப்புறம் பேசலாம்.

இதையெல்லாம் செய்வதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. எந்தத் திட்டத்திலும் இளையவருடைய வாய்மொழி இல்லை. நீங்கள் எழுதியதும் நான் எழுதியதும்தான் இருக்கிறது. என்னிடம் வரும் இளைஞர்களில் பலருக்கு அப்பாவிடம் ‘எனக்கு விருப்பமில்லை’ என்று சொல்லத் தெரியாது. விருப்பமில்லை என்றால் அப்பா வருத்தப்படுவார். ‘என் வகை அப்படி’ என்றால் யார் மேலும் குற்றமில்லை. அந்த நான்கு எழுத்து உங்கள் மகனுக்கு அப்படி ஒரு கேடயமாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம், அந்தப் பீரோ ஃபைலை மெய்யாகவே நம்பிப் பத்து ஆண்டுகள் கடையிலிருந்து ஒதுங்கியிருக்கலாம். கேட்டால்தான் தெரியும். கடையில் வைத்து, வேலையாட்கள் முன்னால் கேட்காதீர்கள். சரக்கு எடுக்க மதுரைக்குப் போகும்போது இருவர் மட்டும் பஸ்ஸில் போங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசுவது நேருக்கு நேர் பேசுவதைவிட இப்படிப்பட்டவர்களுக்கு எளிது. ‘பரீட்சை எதுவும் எழுதாமல் இருந்திருந்தால் நீ என்ன செய்ய ஆசைப்பட்டிருப்பாய்?’ என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருங்கள். திருமங்கலம் தாண்டித்தான் பதில் வந்தாலும் பரவாயில்லை, நடுவில் நீங்களே பதிலை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

அப்புறம் அந்தப் பிளம்பர்கள். அரை மணி நேரம் என்ன பேசுகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எந்த எல்போ ஒழுகுகிறது, எந்தக் கம்பெனிக் குழாய் வெயிலில் வெடிக்கிறது என்று அவர்கள் சொல்வதை அவர் கேட்டுக்கொண்டிருக்கிறாரா, அல்லது அவர் சொல்வதை அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்களா? அடுத்த முறை வரும்போது கணக்கு எழுதுவதுபோலக் குனிந்துகொண்டு கொஞ்சம் காது கொடுத்துப் பாருங்கள். கேட்டதை எனக்கும் எழுதுங்கள்.